ஹலால் முத்திரையும் அக்காவின் பன்றிகளும்

வீட்டைப் பாதியாகப் பிரித்தபோது கடல் பக்கத்துப் பாதி எங்களுக்கும், பின்பாதி அக்காவுக்கும் வந்தது. அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை. என் கணவருடைய அண்ணனின் மனைவி. அண்ணன் விழிஞ்ஞத்தில் படகில் நின்றுகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து இறந்துபோனார். அதன்பிறகு அக்கா தன் பாதியின் கொல்லையில் பன்றிக்கூடு கட்டினாள். அந்த வருமானத்தில்தான் மகளைப் படிக்க வைத்தாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று. கிணறு அவள் பக்கம், தெருவாசல் எங்கள் பக்கம். அவள் எங்கள் வாசல் வழியாக வெளியே போவாள், நாங்கள் அவள் கிணற்றில் தண்ணீர் எடுப்போம். இரண்டு தரப்பும் அவசியமானதை மட்டும் பேசிக்கொள்வோம். பாகப்பிரிவினையின்போது என் வாயிலிருந்தும் அவள் வாயிலிருந்தும் வந்த வார்த்தைகள் அப்படி.

எங்கள் ஊர் குளச்சலுக்கு மேற்கே. சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரைக்கு என்னென்னவோ பயிற்சிகள் வந்தன. மெழுகுவர்த்தி, சோப்பு, மீன் ஊறுகாய். மெழுகுவர்த்தியை யாரும் வாங்கவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. ஊறுகாய் மட்டும் நின்றது. நானும் என் சுயஉதவிக் குழுப் பெண்களும் சூரை மீனைத் துண்டுபோட்டுப் பொரித்து, நல்லெண்ணெயில் பூண்டும் இஞ்சியும் வதக்கி, மிளகாய்ப்பொடி சேர்த்து, எங்கள் ஊரில் வினாகிரி என்று சொல்லும் வினிகரை ஊற்றிப் போடுவோம். நாகர்கோவில் கடைகளில் விற்றது. அந்தச் சமயத்தில்தான் வளைகுடாவிலிருந்து என் கணவர் திரும்பி வந்தார். கம்பெனி இயந்திரத்தில் வலது கை மாட்டி விரல்கள் போயிருந்தன. அந்தக் கையால் வலை இழுக்க முடியாது. திரும்பிப் போனாலும் வேலை தர ஆளில்லை. வீட்டின் முன் அறைகளை இடித்து, வெள்ளை ஓடு பதித்து, ஸ்டீல் மேசை போட்டு ஊறுகாய் யூனிட் ஆக்கினோம். நாங்கள் படுக்கவும் சமைக்கவும் ஒரே ஓர் அறை மிஞ்சியது.

என் கணவர் வளைகுடாவில் இருந்தபோது சாமான் வாங்கிய கடையின் முதலாளி ஒரு மலையாளி. இவர் கொடுத்தனுப்பிய ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டுத் தானே போனில் கூப்பிட்டார். தொழிலாளிகள் தங்கும் கம்பெனிக் கேம்புகளுக்கு அந்த முதலாளிதான் மளிகை சப்ளை. தொழிலாளிகள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இப்படி ஒன்றைத்தான் தேடுகிறார்கள் என்றார். எவ்வளவு செய்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு, "பட்சே ஹலால் சர்ட்டிபிகேட் வேணும் கேட்டோ. அதில்லாம ஒரு பாட்டிலும் கேம்புக்குள்ள ஏறாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டுக்கும் கோழிக்கும் ஹலால் கேள்விப்பட்டிருக்கிறேன். மீனுக்கு என்ன?

என் கணவர் சிரிக்கவில்லை. கேம்பில் அவரோடு ஒரே அறையில் இருந்த வங்காளிப் பையனைப் பற்றிச் சொன்னார். "எந்த டப்பா வாங்கினாலும் திருப்பித் திருப்பி வாசிப்பான். வாசிச்ச பொறவுதான் உடைப்பான். அவன் உடைச்சா எனக்கும் ஒரு பங்கு வைப்பான். அவனுக்கு அது சாப்பாட்டுக்கு முன்ன கும்புடுத மாதிரி. நீ சிரிக்காத."

ஹலால் சான்று கொடுக்கும் அமைப்புக்கு விண்ணப்பம் அனுப்பினோம். சில மாதம் கழித்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சென்னையிலிருந்து வந்த உணவுத் தொழில்நுட்பம் படித்த அதிகாரி. இன்னொருவர் தக்கலைப் பக்கத்து மௌலவி. வெள்ளைத் தாடி, எங்கள் ஊர்ப் பேச்சு. இருவரும் காலணியைக் கழற்றி, தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மௌலவிதான் எனக்குப் புரியும்படி சொன்னார்.

"மீன்ல ஒரு பிரச்சினையும் இல்ல தங்கச்சி. அதுக்கு அறுக்கவும் வேண்டாம், ஓதவும் வேண்டாம். கூடச் சேருத சாமானத்துலதான் காரியம். எண்ணெய் எங்க வாங்குதிய? வினாகிரி எங்கேருந்து வருது?"

வினாகிரி களியக்காவிளை தாண்டி, கேரளத்து ஆள் ஒருவரிடமிருந்து வந்தது. கள்ளு வினாகிரி. சொன்னதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மௌலவி அவரைக் கையமர்த்தினார். "கள்ளு தானா புளிச்சு வினாகிரி ஆயிட்டுன்னா தப்பில்லன்னு சொல்லுவாவ. ஆனா முழுசா ஆயிட்டான்னு ஆரு பாத்தா? அதுக்கு லேப் பேப்பர் வேணும். அந்த ஆளு தருவாரா?"

தரமாட்டார். அவரிடம் கடையே கிடையாது, சைக்கிள்தான் உண்டு. கம்பெனி வினிகருக்கு மாறுகிறோம் என்றேன். அதிகாரி குறித்துக்கொண்டார். மசாலா, உப்பு, மூடி, பசை எல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எனக்குள் ஒரு நிம்மதி இறங்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் அக்கா கஞ்சித்தண்ணீர் வாளியைக் கொண்டு வைத்திருக்க வேண்டும். பன்றிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கத்தத் தொடங்கின.

இரண்டு பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள். பின்பக்கம் போய்ச் சுவருக்கு மேலாகப் பார்த்தார்கள். கூடும், கூட்டிலிருந்து கிணற்றுப் பக்கமாக ஓடும் கழிவும், அந்தக் கிணற்றிலிருந்து எங்கள் தொட்டிக்கு வரும் குழாயும் ஒரே பார்வையில் தெரிந்தன. அக்கா தலை நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள். சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அதிகாரி தணிந்த குரலில்தான் சொன்னார். "மேடம், நாங்க உங்க மேல குறை சொல்லல. ஆனா இந்த இடத்துக்கு எங்களால கொடுக்க முடியாது. ஒண்ணு பன்னி இங்க இருக்கக்கூடாது. இல்லைன்னா உங்க யூனிட் முழுசா தனியாகணும். தனிச் சுவர், தனித் தண்ணி, தனி வடிகால். அதுக்கப்புறம் வந்து பார்க்கிறோம்."

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு மூச்சு முட்டியது. அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் திட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

முதலில் வேறு இடம் தேடினோம். மேட்டுப் பக்கம், சாலையோரம், பழைய முந்திரி ஆலைக் கட்டடங்கள் வரை போனோம். மீன் என்ற சொல் வாயில் வந்ததும் பூட்டைத் திறந்த கை மறுபடியும் பூட்டும். "நாத்தம் போவாது பாத்துக்கிடுங்க. பொறவு ஆருக்குக் குடுப்போம்?" என்பார்கள். ஒரு வீட்டுக்காரர் தேங்காய்த் துருவல் என்றால் தருவேன் என்றார். மூன்று தலைமுறையாக மீனைப் பிடித்தும் விற்றும் சாப்பிட்ட எங்களுக்கு, மீனை வைத்து ஒரு வேலை செய்ய இந்த மாவட்டத்தில் எங்கள் வீட்டு முன் அறையைத் தவிர இடமில்லை.

கடைக்கார முதலாளி வாரம் தவறாமல் கூப்பிட்டார். குழுப் பெண்கள் காலையில் வந்து வாசலில் உட்கார்ந்து, "ஆரம்பிப்போமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இடித்துக் கட்டிய மாதங்களில் நாங்கள் சரக்கு அனுப்பவில்லை, அதற்குள் நாகர்கோவில் கடைகளில் வேறு இரண்டு கம்பெனி ஊறுகாய் ஏறிவிட்டது. முன்னே போகவும் வழியில்லை. இடித்துக் கட்டிய அறையில் பழையபடி கட்டில் போட்டுப் படுக்கவும் வழியில்லை.

"நீங்க அக்காகிட்ட பேசுங்க" என்றேன் கணவரிடம்.

"நான் பேசமாட்டேன்."

"ஏன்?"

"அண்ணன அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு மைனிகிட்ட நான் உண்டும்னு சொன்னேன். இப்பம் போயி, பன்னிய வித்துப் போடுங்கன்னு எப்பிடிச் சொல்லுவேன்? ஒனக்கு வேணும்னா நீ சொல்லு."

நானே போனேன். அக்கா சருவத்தில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். நான் எப்படித் தொடங்கினேன் என்பது நினைவில்லை. அவள் கை நிற்கவில்லை.

"எனக்க பன்னி ஒன்ன என்னட்டி செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல அக்கா. வேற எங்கயாவது கொண்டு வச்சா..."

"எங்க வைப்பேன்? கடல்லயா? ஒனக்க ஊறுகாய் கப்பல் ஏறணும்னா எனக்க மவ படிப்ப நிறுத்தணுமா? அவளுக்கு இன்னும் நர்சிங் முடியல. அவ படிப்பு முடியட்டு, பொறவு வா. இல்லன்னா ஒனக்க ஊறுகாய நாகர்கோயில்காரனே திங்கட்டு."

சருவத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டுப் பக்கம் போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் பன்றிக்கூட்டுக்குள் அகப்பட்டிருந்தாள், நான் ஊறுகாய் யூனிட்டுக்குள். நடுவில் ஒரு சுவர்.

அதிகாரி சொன்ன இரண்டாவது வழிதான் மீதி. சுவரைக் கூரை வரைக்கும் உயர்த்தினோம். பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தோம். ஜன்னல்களுக்கு இரட்டை வலை. கிணற்றுக் குழாயை அறுத்துவிட்டு, லாரித் தண்ணீருக்குத் தொட்டி கட்டினோம். ஆழ்குழாய் போட்டால் எங்கள் மணலில் உப்புதான் வரும். அக்காவுக்குத் தெருவுக்குப் போகப் பக்கவாட்டில் ஒரு சந்து விட்டோம், தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்கிற அகலம்.

சுவர் எழும்பிய பிறகுதான் தெரிந்தது, கொல்லைப் பக்கத்துக் காற்று எங்களுக்கு எவ்வளவு வந்துகொண்டிருந்தது என்று. அடுப்பு எரியும்போது உள்ளே நிற்க முடியாது. மிளகாய் நெடி வெளியேறாமல் கூரையில் தங்கி, மத்தியானம் ஆனதும் தலையில் இறங்கும். பெண்கள் முறை வைத்து வாசலில் போய் நின்று இருமிவிட்டு வந்தார்கள். நாங்கள் படுத்த அறைக்கும் பின்பக்க ஜன்னல் போய்விட்டது. நாற்பது தப்படியில் கடல் இருந்தது. சத்தம் மட்டும் கேட்டது, இரட்டை வலையைத் தாண்டிக் காற்று வரவில்லை. "ஜெயிலுக்கு இதவிட ஜன்னல் உண்டும்" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இரண்டாவது சோதனைக்கு மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது. அன்று முழுவதும் கழுவினோம். கொத்தனார் வந்து வடிகால் வாயில் புதிய கம்பிச்சட்டம் பொருத்துவதற்காகப் பழையதைக் கழற்றி வைத்துவிட்டுச் சிமெண்ட் வாங்கப் போனார். அவர் திரும்புவதற்குள், அந்த ஓட்டை வழியாகப் பன்றிக்குட்டி ஒன்று யூனிட்டுக்குள் வந்துவிட்டது.

முதலில் ஒருத்தி அலறினாள். கரண்டி விழுந்தது. குட்டி மேசைக்கடியில் ஓடி, ஆற வைத்திருந்த மசாலா உருளியில் மூக்கை நுழைத்து, எரிச்சலில் கத்திக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கும் வெளியே போக வழி தெரியவில்லை. தரை முழுவதும் ஈரத்தில் அதன் கால் தடங்கள். என் கணவர் வலது கையில் மீதியிருந்ததைக் கொண்டும் இடது கையைக் கொண்டும் அதைப் பிடித்து, தெருவழியாகச் சுற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

பிறகு குழுவில் மூத்தவள் சொன்னாள்: "மசாலாவக் கொட்டிட்டு நல்லாக் கழுவி விட்டிருவோம். நாளைக்கு வாறவியளுக்கு என்ன தெரியப்போவுது? பன்னி என்ன, வந்தேன்னு எழுதி வச்சிட்டா போச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் சொன்னதைச் செய்வது எவ்வளவு எளிது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக நான் காத்திருந்தது மறுநாள் காலையில் வாசலுக்கு வரப்போகிறது. வாயைத் திறந்தால் அது திரும்பிப் போகும். வாயை மூடிக்கொண்டால் ஒவ்வொரு பாட்டிலிலும் அந்த முத்திரையை ஒட்டும்போது குட்டியின் கால் தடம் எனக்கு மட்டும் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

என் கணவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அந்தப் பையன் திருப்பித் திருப்பி வாசிப்பான்னு சொன்னேம்லா. அவன் வாசிக்குதது பொய்யா இருக்கக்கூடாது. போன போடு."

மௌலவிக்குப் போன் செய்தேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "சென்னைக்காரருக்கு நான் சொல்லுதேன். நாளைக்குச் சோதனை நடக்காது. ஆனா நான் வாறேன். ஒண்ணும் தொடாதிய" என்றார்.

மறுநாள் காலையில் தனியாக, பேருந்தில் வந்தார். உருளியையும் கரண்டிகளையும் தரையையும் பார்த்தார். பன்றி தொட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் என்றார். கடற்கரை மணல் சரிப்படுமா என்று கேட்டேன். "உப்பும் குப்பையும் உள்ள மணல் வேண்டாம். நல்ல மண்ணாட்டு வேணும்" என்றார். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் மணல்தான். செம்மண்ணுக்கு மேட்டுக்குப் போக வேண்டும். என் கணவர் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அப்போதுதான் அக்கா தெருவாசலில் வந்து நின்றாள். சுவர் எழும்பியதிலிருந்து அவள் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. நடந்தது அவளுக்குத் தெரியும். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மௌலவியைப் பார்த்து, "எனக்க குட்டிதான் வந்துது. இவளுவ மேல குத்தமில்ல. கொத்தன் கம்பிய எடுத்ததுனால வந்துது" என்றாள்.

"குட்டி மேலயும் குத்தமில்லம்மா" என்றார் மௌலவி. "அதுக்கு என்ன தெரியும்? கழுவினா சரியாவும்."

மண் வந்தது. தண்ணீரில் கரைத்தோம். பெண்கள் மண்டியிட்டு வெள்ளை ஓட்டில் செந்தண்ணீரைத் தேய்த்தார்கள். அறை முழுவதும் சிவந்து, எங்கள் கையும் சேலையும் சிவந்து, பிறகு தண்ணீர் மேல் தண்ணீராக ஊற்ற ஊற்றத் தெளிந்தது. லாரித் தண்ணீர் தொட்டியில் தீர்ந்துகொண்டிருந்தது. மௌலவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் எண்ணிச் சொன்னார். அக்கா உள்ளே வரவில்லை. அவள் கை பட்டால் மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டும் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, முடியும்வரை வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

மூன்றாம் நாள் என்னைச் சந்துக்குக் கூப்பிட்டாள்.

"பன்னிய விக்கப்போறேன். நீங்க கழுவினத நின்னு பாத்தேன்லா, பன்னி இங்க கெடக்குத வர இது தீராது. மேற்கே கேரளத்துலேருந்து ஆளு வாறான்."

"மவ படிப்பு?"

"அதுக்குத்தான் ஒன்ன விளிச்சேன். நான் ஒனக்கு வேலைக்காரியாட்டு வரமாட்டேன். கூலி வேண்டாம். பங்கு வேணும். உள்ளே நானும் நீயும் ஒண்ணு. சம்மதமாட்டி?"

அவளோடு ஒரே அறையில் வாழ்நாள் முழுவதும் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பாகம் பிரித்த அன்று அவள் என்னைச் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. நான் அவளைச் சொன்னதும் வந்தது. சந்து அகலம் குறைவு. ஒருவர் பின்னால் போனால்தான் இன்னொருவர் முன்னால் போக முடியும். "சம்மதம்" என்றேன்.

கூடு இடிக்கப்பட்டது. அந்த இடத்தைக் கழுவி, சுண்ணாம்பு போட்டு, கிணற்றை இறைத்தார்கள். அதிகாரியும் மௌலவியும் மறுபடியும் வந்தார்கள், தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். சர்ட்டிபிகேட் வந்தது. என் கணவர் அதைக் கண்ணாடி போட்டு, மாதா படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். முதல் லோடு கொச்சி வழியாகப் போனது. கேம்பிலிருந்து நல்ல பேச்சு வந்தது. அடுத்த லோடும் போனது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

அக்கா முதல் நாளே வாசலில் வாளி நிறையத் தண்ணீர் வைத்தாள். கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. பெண்கள் கொண்டுவரும் மதியச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். சந்தேகமான எதுவும் தெருவைத் தாண்டி வரக்கூடாது என்றாள். சாமான் லேபிளை வாசிக்க அவளுக்கு ஆங்கிலம் வராது. அதனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் என்னிடம் நீட்டி, "வாசி" என்பாள். வாசித்த பிறகு, "இன்னொருக்கா வாசி" என்பாள். புதிய கடையிலிருந்து மிளகாய்ப்பொடி வாங்கினால் அந்தக் கடைக்கே போய் அரைக்கிற மெஷினை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அதிகாரி வருடத்துக்கு ஒருமுறை வந்தார். அக்கா தினமும் வந்தாள்.

எங்கள் குடித்தன அறையும் யூனிட்டோடு ஒட்டித்தான் இருந்தது. அதனால் அங்கேயும் அவள் சட்டம்தான். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் பன்றிக்கறி இல்லாமல் இருந்ததே கிடையாது. அது நின்றது. என் அண்ணன்மார் குடும்பத்தோடு வருவதும் மெல்ல நின்றது. ஒரு வருடம் என் அம்மா கேக் கொடுத்தனுப்பினாள். நான் வீட்டுப் பக்கக் கதவருகே வைத்து அட்டைப்பெட்டியைத் திறந்தேன். அக்கா மோந்து பார்த்தாள்.

"ஒயின் போட்டிருக்கு."

"கொஞ்சம் போலத்தான் அக்கா. எங்க அம்மை எப்பவும் போடுதது."

"ஒங்க அம்மைக்கிட்ட சொல்லு, இது சர்ட்டிபிகேட் உள்ள வீடுன்னு."

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், முதலில் எதிர்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். என் அம்மா கை வைத்துச் செய்தது. ஒரு துண்டுகூட நான் சாப்பிடவில்லை. அன்று நான் அவளைக் கேட்டேன், கேட்கக்கூடாத தொனியில்தான் கேட்டேன்:

"பன்னி வளத்தவ நீங்க. இப்பம் எனக்குப் பாடம் எடுக்குதியளா?"

பெண்கள் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்கள். அக்கா முகம் மாறவில்லை.

"பன்னிய வித்தவ நான். ஒனக்கு இந்தக் கண்ணாடி போட்ட பேப்பர் வெறும் பேப்பர். நான் அதுக்கு எனக்க கூட்டையே குடுத்திருக்கேன். இது போச்சுன்னா நான் எங்க போவேன்? சொல்லு."

உருளியைக் கிளறப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு முறை எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். பம்பாயில் என் தங்கை இருந்தாள், அங்கே போய் எதையாவது செய்யலாம் என்றேன். அவர் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "இப்பம்தானே ஒரு வழியா நிக்கோம்" என்றார். உண்மைதான், நின்றுகொண்டிருந்தோம். குழுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு வந்தார்கள். அக்காவின் மகள் படிப்பை முடித்தாள். யாருக்கும் எந்தக் குறையும் இல்லாத ஓர் இடத்திலிருந்து, எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு எப்படிக் கிளம்புவது?

மகளுக்கு வளைகுடாவிலேயே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் கழித்து அவள் அம்மாவுக்கு விசிட் விசா அனுப்பினாள். என் கணவர் விரல்களை இழந்த அந்த ஊரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் இருந்தது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. கொளுத்தும் வெயில் நாளில் அக்கா புதுச் சேலை உடுத்து, திருவனந்தபுரம் போகும் வேனில் ஏறினாள். வண்டி நகரும்போதும் தலையை வெளியே நீட்டி, "வடிகால் கம்பியப் பாத்துக்க! வினிகரு கேனு மாறாண்டாம்!" என்று கத்திக்கொண்டே போனாள். நானும் ஏர்போர்ட்டுக்குப் போவதாகத்தான் இருந்தது. ஆனால் சூரை வந்து இறங்கிவிட்டது. அறுத்துப் பொரிக்க ஆள் வேண்டும்.

அவள் இல்லாத முதல் நாள், வாசல் வாளியை நிரப்ப வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருத்தி நிரப்பி வைத்துவிட்டாள். நான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மதியம் பெண்கள் தங்கள் சோற்றுப் பாத்திரங்களை, கேட்காமலே திறந்து என்னிடம் காட்டினார்கள். நானும் பார்த்தேன். ஒருத்தி வைத்திருந்த தின்பண்டப் பாக்கெட்டைத் திருப்பி வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன்.

விசா முடிந்து அக்கா வந்தாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, காலைக் கழுவிக்கொண்டு நேரே யூனிட்டுக்குள் வந்து உருளிகளையும் மூடிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கொஞ்சம் தடித்திருந்தாள், முகத்தில் வெயில் பட்ட கறுப்பு இல்லை. எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். அவள் அங்குள்ள கடைகளைப் பற்றியும், ஏசிக் குளிரைப் பற்றியும், மீன் மார்க்கெட்டில் ஓர் ஈகூட இல்லாததைப் பற்றியும் சொன்னாள். கேம்பு வாசலில் மகள் காரை நிறுத்திக் காட்டினாளாம். மத்தியான வெயிலில் ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையாக உள்ளே போனதைப் பார்த்தாளாம். "பாவம் மக்கா, எல்லாம் நம்ம பயலுவ மாதிரிதான்" என்றாள். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"முதலாளியப் பாத்தேன். அவியளுக்கு இறால் பொடி வேணுமாம். காஞ்ச எறால வறுத்து, தேங்காயும் மொளவாயும் போட்டு இடிச்சு. கேம்புல அது நல்லா ஓடும்னு சொன்னாவ. நான் சரின்னு சொல்லிட்டு வந்தேன்."

"எங்க வச்சு இடிக்க? இதுக்குள்ள எடம் எங்க இருக்கு?"

"பன்னிக்கூடு இருந்த எடம் சும்மாதான கெடக்கு. அங்க கட்டுவோம். பொடிக்கும் அந்தச் சர்ட்டிபிகேட் தனியா எடுக்கணுமாம். நீ நாளைக்கே அந்த மௌலவிக்கு போன போடு."

மிளகாய் நெடியில் யாரோ இருமினார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா மகள் வாங்கிக் கொடுத்த கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்து எல்லோருக்கும் கொடுக்கப் போனவள், நின்று, அதை என்னிடம் நீட்டினாள்.

"வாசி" என்றாள்.